ஆறு உள்ளே, ஒன்பது வெளியே

மார்ச் 2

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகள் நலம். பேத்தி வாண்டு நலத்துக்கு மேல் நலம். நேற்று என் ஸ்குரூ டிரைவரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் கைதட்டினாள். “ஃபோன்லயே பேசிடலாமே மாமா” என்று மருமகள் சொன்னாள். நாற்பது வருஷம் மோட்டார் சத்தத்தில் கிடந்த காது இது. ஃபோனில் நீங்கள் ‘ஆகும்’ என்றாலும் ‘ஆகாது’ என்றாலும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கும். இந்த விஷயத்தில் அந்த இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. கடையின் பின்னறையில் நான்கு வருஷமாக ஒரு சக்கரம் செய்துகொண்டிருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டு அகலம். ஓரத்தில் பன்னிரண்டு காந்தங்கள். எதிரே இரண்டு காயில், அதாவது கம்பிச் சுருள்; ஒன்று சக்கரத்தைத் தள்ளும், இன்னொன்று வருவதை வாங்கிக்கொள்ளும். ஆறு வாட் உள்ளே போகிறது. ஒன்பது வாட் வெளியே வருகிறது.

நீங்கள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு இந்த வரியை மறுபடி படிப்பது எனக்குத் தெரிகிறது. படியுங்கள். நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் கணக்கு இல்லை இது. நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் ரீடிங் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாமே நீங்கள் முதல் தடவை கடைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த வாட் மீட்டரில் எடுத்தது. என் பழைய மீட்டர் அன்றைக்கு மேசை டிராயருக்குள் போனதுதான், இன்னும் தூங்குகிறது.

இப்போது எழுதக் காரணம் உங்கள் மாப்பிள்ளை. ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டான். பம்பு தொழிற்சாலையில் இந்த மாதம் 31ஆம் தேதி கொடுப்பதாக இருக்கிறான். அதற்குப் பிறகு அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பெரிய சக்கரம் செய்வது என்று திட்டம். என் பிள்ளை என்பதால் தடுக்க மனம் வரவில்லை. உங்கள் மாப்பிள்ளை என்பதால் உங்களிடம் சொல்லாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

நீங்கள் மீட்டர் பரிசோதனைக் கூடத்தில் பெரிய இடத்தில் இருக்கிறீர்கள். ஒரு தடவை வந்து அளந்து, உங்கள் கூடத்து முத்திரையோடு ஒரு தாள் கொடுத்தால் எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

*

மார்ச் 6

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சம்பந்தியாகப் படித்தேன். நீங்கள் எழுதியதே சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் முறை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன், அந்த ஒன்பதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன்.

முத்திரை கிடையாது. சம்பந்தி என்பதற்காக ஒரு முத்திரை குத்தினால் அதற்கு முன் நான் குத்திய அத்தனை முத்திரையும் ரப்பர் ஆகிவிடும். சொந்த முறையில் வருகிறேன், என் கருவிகளோடு வருகிறேன். அளந்ததைச் சொல்கிறேன்.

அதற்கு முன் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபத்தேழு வருடத்தில் இப்படி ஒன்பது மிஷின்கள் எங்கள் படி ஏறியிருக்கின்றன. ஒன்றும் தேறவில்லை. கொண்டுவந்தவர்களில் இரண்டு பேர் பொய்யர்கள். ஒருவர் ‘என் மேசை மேல் வைத்தால்தான் ஓடும்’ என்றார். மேசைக் காலுக்குள் பேட்டரி இருந்தது. இந்த இருவரை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மற்ற ஏழு பேரும் உங்களைப் போல நல்லவர்கள். ஏதோ ஓர் இடத்தில் ஒரு ரீடிங்கைத் தப்பாகப் படித்துவிட்டு, அதன் பின்னாலேயே வருடக்கணக்கில் நடந்து வந்தவர்கள். அதில் ஒருவர் நான் எண்ணைச் சொன்னதும், “அப்போ என்னோட பதினஞ்சு வருஷம் என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார். நான் தாளை நீட்டி, “இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றேன். வேறு என்ன சொல்வதென்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

நான் வருவதற்குள் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஒன்பது வெளியே வருகிறது, ஆறுதான் வேண்டும் என்கிறீர்கள். நல்லது. வெளியே வரும் கம்பியை உள்ளே போகும் இடத்தில் கட்டிவிட்டு, சுவர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஊருக்கே சோறு போடுகிற கை தன் வாய்க்கும் ஒரு பிடி போட்டுக்கொள்ளட்டும். மூன்று வாட் மிச்சம் இருக்கும்போது சக்கரம் நிற்கக் காரணமே இல்லை.

மாப்பிள்ளையிடம் நான் எதுவும் பேசவில்லை. பேச நாக்கு வரை வந்தது. என் மகள், “நீங்க அளந்துட்டுப் பேசுங்கம்மா, அளக்காம பேசுறது உங்க வழக்கம் இல்லையே” என்று வாயை அடைத்துவிட்டாள். யார் வளர்த்த பிள்ளை!

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

*

மார்ச் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சொன்னபடி கட்டிப் பார்த்தேன். சுவர் பிளக்கைப் பிடுங்கியதும் சக்கரம் தன்னாலேயே நான்கு நிமிஷம் ஓடி நின்றது. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, அதனால் எழுதிவிட்டேன். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.

நின்றதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே வருவது துடித்துத் துடித்து வருகிறது. உள்ளே போவது சீராகப் போக வேண்டும். நடுவில் அதைச் சீராக்க ஒரு சர்க்யூட் வேண்டும், நான் கட்டியது அவசரத்தில் கட்டியது. பாலைக் கொட்டிவிட்டுப் பசுவின் மேல் பழி போடலாமா?

உங்கள் கடிதத்தில் ‘உங்களைப் போல நல்லவர்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். என் வீட்டுக்காரி அதைப் படித்துவிட்டு, “உங்கள நல்லவர்னு சொல்லியிருக்காங்க, சந்தோஷப்படுங்க” என்றாள். சந்தோஷப்படத்தான் பார்த்தேன். ஆனால் அந்த இடத்தில் நல்லவன் என்றால் விவரம் போதாதவன் என்று அர்த்தம் என்பது எட்டாம் வகுப்புக்காரனுக்கும் புரியும்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நாற்பது வருஷமாக மற்றவர்கள் எரித்துவிட்டுக் கொண்டுவரும் மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிறேன். கருகின வாடையை வைத்தே எந்தக் காயில் போயிற்று என்று சொல்லிவிடுவேன். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் தொட்ட எல்லாமே வேறு யாரோ செய்தது. ஒரே ஒரு சாமான், தொடக்கத்திலிருந்து என் கையால் ஆனது, ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது இந்தச் சக்கரம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மகனும் மருமகளும் வீட்டில் இருப்பார்கள். எல்லோர் முன்னாலும் அளக்கலாம்.

இப்படிக்கு,
சம்பந்தி

*

மார்ச் 17

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, மடியில் கருவிப் பெட்டி, மனதில் உங்கள் முகம். மூன்று மணி நேரமும் அப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதில் ஒரு சொல்லுக்காக வருந்துகிறேன். ஓர் எண்ணுக்காக வருந்த முடியாது. இரண்டையும் பிரித்து எழுதுகிறேன்.

எண் இது. உள்ளே போனது 6.1. வெளியே வந்தது 3.8. காலை பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை இருபது முறை எடுத்தேன். இடத்தை மாற்றி, கம்பியை மாற்றி, பேட்டரியில் ஓட்டி, எல்லாம் செய்தேன். ஒருமுறை கூட நான்கைத் தொடவில்லை. “உங்க பெட்டி உங்க பேச்சைத்தான் கேட்கும்” என்றீர்கள். என் பெட்டி என் பேச்சைக் கேட்டிருந்தால் ஒருவேளை உங்களுக்காக ஒன்பது காட்டியிருக்கும், ஐயா. அந்த அறையில் அன்று நான் மனதுக்குள் என்ன வேண்டிக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியாது.

சொல் இது. “நாலு வருஷம் விளையாடியாச்சு, போதும்.” அதை மாப்பிள்ளை முன்னால் சொன்னேன். விளையாட்டு இல்லை அது. நீங்கள் அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனீர்கள். ஜன்னல் இல்லாத அறையில் நானும் என் கருவிகளும் இருட்டில் இருந்தோம். எனக்கு அது வேண்டியதுதான். என் மகள்தான் வந்து விளக்கைப் போட்டாள், கேட்காமலே என் கம்பிகளைச் சுருட்டி வைத்தாள். அவள் கேட்காமல் உதவி செய்தால் காரியம் பெரிது என்று அர்த்தம்.

இன்னும் இரண்டு விஷயம். சக்கரத்தைச் சும்மா சுழற்றிவிட்டு, எதையும் கட்டாமல், நிற்கும் வரை நேரம் பார்த்தேன். பதினோரு நிமிடம் ஓடியது. எங்கள் கூடத்தில் பட்டம் வாங்கிய பொறியாளர்கள் செய்த சக்கரம் ஐந்து நிமிடம் தாண்டியதில்லை. பேரிங்கை அப்படி உட்கார வைத்திருக்கிறீர்கள். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. ஆனால் இதையும் யோசியுங்கள்: சும்மா விட்டால் பதினோரு நிமிடம், தனக்குத்தானே ஊட்டிக்கொண்டால் நான்கு நிமிடம். ஊட்டுவதற்கே அது இளைக்கிறது.

உங்கள் மீட்டர் ஏன் ஒன்பது காட்டுகிறது என்று மாப்பிள்ளை கேட்டார். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சில மீட்டர்கள் துடிக்கும் ஓட்டத்துக்குப் பொருந்தாது என்று மட்டும் சொன்னேன். மற்றதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

31ஆம் தேதிக்கு முன் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் மாமியார் சொன்னது. நீங்கள் சொன்னால் அப்பா சொன்னது.

இப்படிக்கு,
சம்பந்தி

*

மார்ச் 20

அம்மா,

கடிதம் கிடைத்தது.

‘சில மீட்டர்கள் பொருந்தாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சில மீட்டரில் ஒன்றை என் கடைக்குக் கொண்டுவந்தது யார்? நானா உங்களிடம் கேட்டேன்? உங்கள் ஒரு கை கொடுத்த மீட்டர் ஒன்பது என்கிறது. இன்னொரு கை கொண்டுவந்த பெட்டி மூன்றே முக்கால் என்கிறது. உங்களுடைய எந்தக் கையை நான் நம்ப வேண்டும்?

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சக்கரம் முதன்முதலாக ஓடிய வாரத்தில் என் பழைய மீட்டர்தான் கையில் இருந்தது. அது நான்குக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. பத்து நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள். புது உறையில், பளபளவென்று, பரிசோதனைக் கூடத்து மீட்டர். மாட்டினேன், ஒன்பது. நான் யோசித்தேன். ஒரு பக்கம் கடைத்தெருவில் வாங்கிய என் மீட்டர். இன்னொரு பக்கம் ஊரில் உள்ள மீட்டருக்கெல்லாம் சரி, தப்பு சொல்லும் இடத்திலிருந்து, என் மருமகளாக வரப்போகிறவளின் தாயார் கையால் வந்த மீட்டர். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? என்னுடையதுதான் பழசு, அதுதான் தப்பு என்று டிராயரில் போட்டேன். அதற்குப் பிறகு அதை வெளியே எடுத்தால் உங்களை அவமதித்த மாதிரி இருந்தது.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவன் இல்லை. ஆனால் மூன்று கால் என்று எண்ணிக் காட்டியது உங்கள் மீட்டர்.

மகன் தன் முடிவில் இருக்கிறான். ‘அத்தை பெட்டிக்கும் தப்பு வரலாம்ப்பா’ என்கிறான். 31ஆம் தேதி கொடுக்கிறான். நான் தடுக்கப் போவதில்லை. இனி இது பற்றி உங்களுக்கு எழுதவும் போவதில்லை.

*

மார்ச் 24

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

நீங்கள் எழுத வேண்டாம். இதைப் படித்தால் போதும். படித்துவிட்டு மாப்பிள்ளை கையில் கொடுங்கள்.

அந்த மீட்டர் கழித்துக்கட்டிய மீட்டர்.

எங்கள் கூடத்தில் பிழையான மீட்டர்களுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ‘பிழை உள்ளது, அளவைக்கு ஆகாது’ என்று அதில் இருக்கும், கீழே என்ன பிழை என்று கையால் எழுதுவோம். உங்களிடம் இருக்கும் மீட்டரின் கீழே நானே எழுதினேன்: ‘சீரான ஓட்டத்தில் சரி. துடிக்கும் ஓட்டத்தில் கூட்டிக் காட்டும்.’ உங்கள் சக்கரத்துக்குள் போவது சீராகப் போகிறது, அதனால் ஆறு என்பது சரியாக வந்தது. வெளியே வருவது துடிக்கிறது. ஒன்பது அங்கே பிறந்தது. காந்தத்தில் பிறக்கவில்லை.

எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் மகளுக்கு உங்கள் வீட்டில் பேசி முடித்த வாரம், உங்கள் கடையைப் பார்க்கக் கிளம்பினேன். முதல் தடவை போகிறோம், கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. பழம் வாங்கிப் போகலாம் என்று நினைத்தேன். பழம் எல்லோரும் கொண்டுபோவார்கள், தொழில்காரருக்குத் தொழில் சாமானாகக் கொடுத்தால் மதிப்பாக இருக்கும் என்று புத்தி போனது. கழித்த மீட்டர்களை ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதி உண்டு. அதில் பார்வைக்கு நல்லதாக ஒன்றை எடுத்தேன். புது உறை போட்டேன்.

எடுத்துப் போக அனுமதி உண்டு. ஸ்டிக்கரைக் கிழிக்க அனுமதி இல்லை. சிவப்பு ஸ்டிக்கரோடு கொடுத்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று, மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்து எடுத்தேன். வைண்டிங் கடையில் சாதாரண மோட்டாரைத்தானே அளப்பார், சீரான ஓட்டம்தானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்தேழு வருடத்தில் ஊரார் மீட்டரில் ஆயிரக்கணக்கான சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியவள், என் வாழ்க்கையில் கிழித்தது அந்த ஒன்றைத்தான்.

உங்கள் முதல் கடிதத்திலேயே சந்தேகம் தட்டியது, இருக்காது என்று தள்ளிவிட்டேன்; ஞாயிற்றுக்கிழமை உங்கள் மேசையில் அதைப் பார்த்த நிமிடமே உறுதியாகிவிட்டது. பின்பக்கத்தில் பசையின் சதுரத் தடம் இன்னும் இருக்கிறது, தடவிப் பாருங்கள். நான் தடவிப் பார்த்தேன். மாப்பிள்ளை, “ஏன் அத்தை இது மட்டும் ஒன்பது காட்டுது?” என்று கேட்டபோது என் கை அதன் மேல்தான் இருந்தது. மாப்பிள்ளை முன்னால், மகள் முன்னால், வாய் வரவில்லை. வெட்கம். வெட்கத்தை மறைக்கக் கோபப்பட்டேன். ‘விளையாடியாச்சு’ என்ற சொல் அங்கேயிருந்து வந்தது. உங்களுக்கு ஒன்பதைக் காட்டியவளே நான், அதற்காக உங்களையே திட்டிவிட்டும் வந்தேன்.

எங்கள் மேலதிகாரியிடம் நேற்று இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, “ஓய்வுபெற எட்டு மாசம் இருக்கும்போது இதை ஏம்மா எழுதிக் கொடுக்குறீங்க?” என்றார். நாளை வேறு யாராவது எடுத்துப் போகும்போது ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கட்டும் என்றேன்.

நான்கு வருடத்தைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை, சம்பந்தி. மன்னிக்கும்படி கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். மாப்பிள்ளையின் கடிதத்தை மட்டும் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
நான்

*

ஏப்ரல் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இனி எழுத மாட்டேன் என்று எழுதியிருந்தேன். எழுதுகிறேன். என் வீறாப்பும் சக்கரம் மாதிரிதான், கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், பிறகு நின்றுவிடும்.

உங்கள் கடிதம் 26ஆம் தேதி வந்தது. நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். முதல் நாள் கோபம். இரண்டாம் நாளும் கோபம்தான், ஆனால் அது உங்கள் பக்கம் போகாமல் என் பக்கம் திரும்பிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். மடியில் கனமில்லை என்று உங்களுக்கு எழுதினேனே, அது பொய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, சக்கரத்திலிருந்து பன்னிரண்டு காந்தத்தையும் கழற்றி டப்பாவில் போட்டேன். வெறும் சக்கரத்தைத் துளை போடும் மிஷினில் மாட்டிச் சுற்றவிட்டேன். வாங்கும் காயிலில் கட்டிய மீட்டர் அப்படியே இருந்தது, தற்செயலாகப் பார்த்தேன். எட்டே முக்கால். காந்தமே இல்லாத சக்கரம், சம்பந்தியம்மா. நோட்டில் எழுதினேன். எழுதியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அந்தத் தாளைக் கிழித்தேன்.

ஏன் கிழித்தேன் என்றால், அந்த வாரம்தான் என் மகன் முதல் தடவையாகப் பின்னறைக்கு வந்து என்னோடு உட்கார ஆரம்பித்திருந்தான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு நான் கிரீஸ் கை அப்பா. பள்ளிக்கூடத்துக்கு நான் வந்தால் கொஞ்சம் தள்ளி நிற்பான். அவன் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தது இந்தச் சக்கரத்தின் முன்னால்தான். “எப்படிப்பா பண்ணீங்க?” என்று கேட்டான். அதற்கு மேல் எனக்கு எந்த ரீடிங்கும் தேவைப்படவில்லை.

30ஆம் தேதி சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு மகனையும் மருமகளையும் பின்னறைக்குக் கூப்பிட்டேன். உங்கள் கடிதத்தை மேசை மேல் வைத்தேன். பேரிங் டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் படித்தான். கடைசியில் உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “கிழிச்சீங்க சரி, ஏன்பா எரிக்கல?” என்றான்.

“தெரியலடா” என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

“சரி, வாங்க. என் கண்ணால பாக்கணும்” என்று காந்தங்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். பழைய மீட்டரை டிராயரிலிருந்து எடுத்தேன், தூசி தட்டினேன். உங்களுடையது எட்டே முக்கால். என்னுடையது கால் வாட்டுக்கும் கீழே; துளை மிஷினின் துடிப்பைத்தான் உங்களுடையது கூட்டிக் காட்டியிருக்கிறது. காந்தத்தை மாட்டி ஓட்டினோம். உங்களுடையது ஒன்பது. என்னுடையது மூன்றே முக்கால். என் பழைய மீட்டர் டிராயருக்குள்ளேயே நான்கு வருஷமாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

மகன் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளத் தாள் தேடினான். கைக்குக் கிடைத்ததில் எழுதினான். எழுதி முடித்துத் திருப்பிப் பார்த்தால் அது அவனுடைய ராஜினாமாக் கடிதம். மறுநாள் கொடுக்க மேசையில் எடுத்து வைத்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது உங்கள் மகள் சொன்னாள், “இந்தச் சக்கரம் காந்தத்துல ஓடல மாமா. நீங்களும் எங்கம்மாவும் ஒருத்தருக்கு ஒருத்தர் வெச்சிருந்த மரியாதையில ஓடியிருக்கு.”

முதலில் என் வீட்டுக்காரி வாசலில் நின்றபடி சிரித்தாள். அப்புறம் மகன். அப்புறம் எனக்கும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவன் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மகன் வந்து என் தோளில் கை வைத்தான். தள்ளி நிற்கவில்லை.

31ஆம் தேதி காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வழக்கம்போல வேலைக்குப் போனான்.

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பக்கத்தைக் கிழித்த மாதிரி ஆகும். இருக்கிறது. நிறைய இருக்கிறது. காலையில் எழுந்ததும் கால் தன்னாலேயே பின்னறைக்குப் போகிறது. போனபின் அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வருகிறேன். வாண்டு மட்டும் தினமும் என் விரலைப் பிடித்து இழுத்துப் போய், “கிர்ர்” என்கிறாள். சுழற்றிவிடுகிறேன். பதினோரு நிமிஷம் ஓடுகிறது. அவளுக்கு அது போதும்.

மீட்டரைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொண்டு திருப்பி அனுப்புவதாக நினைக்காதீர்கள். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி எனக்கே அனுப்புங்கள். சாதாரண மோட்டாருக்கு அது நன்றாகவே காட்டுகிறது, சம்பந்தி வீட்டுச் சாமானை நான் விடுவதாக இல்லை.

மன்னிப்பு என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டிக்கரைக் கிழித்தவருக்குத் தாளைக் கிழித்தவன் என்ன மன்னிப்புக் கொடுப்பது? விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

*

ஏப்ரல் 7

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மீட்டர் வந்தது. ஸ்டிக்கரை நானே ஒட்டினேன், பின்பக்கத்தில் இல்லை, முன்பக்கத்தில், முள்ளுக்கு நேர் கீழே. இனி உங்கள் கடைக்கு வருகிற யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

நீங்கள் சொன்னதால் நானும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நோட்டைப் புரட்டியபோது 142ஆம் பக்கத்துக்கு அடுத்து 145 வந்ததைப் பார்த்தேன். நடுவில் கிழித்த விளிம்பு இருந்தது. பக்க எண்ணைச் சரிபார்க்காமல் எந்த நோட்டையும் மூடியதில்லை நான். ஆனாலும் கேட்கவில்லை. ஸ்டிக்கரைக் கிழித்த கையை மீட்டர் மேல் வைத்துக்கொண்டு, பக்கம் எங்கே என்று எந்த வாயால் கேட்பேன்?

மகள் ஃபோன் செய்தாள். ஒரு மணி நேரம் பேசினாள், அதில் அரை மணி நேரம் என்னைத் திட்டினாள். மாப்பிள்ளை இப்போதும் கடைப் பின்னறைக்கு வருகிறார் என்றும், உங்களிடம் பேரிங் உட்கார வைக்கக் கற்றுக்கொள்கிறார் என்றும் சொன்னாள். இதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? நல்ல ரீடிங்கை மட்டும் விட்டுவிடுவது என்ன பழக்கம்?

இப்போது ஓர் உதவி கேட்கிறேன். வரும் பதினைந்தாம் தேதி புதன்கிழமை எங்கள் கூடத்துக்குப் பத்தாவது மிஷின் வருகிறது. கொண்டுவருகிறவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆறு வருடமாகச் செய்கிறாராம். எனக்கு எழுதிய கடிதத்தில் எண்கள் எல்லாவற்றுக்கும் கீழே கோடு போட்டிருக்கிறார். நான் அளப்பேன். எண்ணைச் சொல்வேன். எண்ணைச் சொல்ல எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வதென்று இருபத்தேழு வருடமாகத் தெரியவில்லை. “இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று இனி ஒருவரிடம் என்னால் சொல்ல முடியாது.

நீங்கள் வந்து அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் சக்கரம் எத்தனை நிமிடம் சும்மா ஓடுகிறது என்று கேளுங்கள். உங்கள் நோட்டைக் காட்டுங்கள். அவரிடம் நீங்கள் பேசுங்கள். நான் ஓரமாக இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். காலை ரயிலில் வந்தால் பத்து மணிக்கு வந்துவிடலாம். எங்கள் கூடத்துக்கு முதல் தடவை வருகிறீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நோட்டைத் தவிர, தயவுசெய்து கையை வீசிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி